ஈரலுக்குப் போன வழி

அன்றைக்கு அந்த ஏலக்காட்டுப் பாதையில் போனவர்களில் ஒருத்தி நான். எனக்கு ஆறு வயசு. இரண்டாவது என் அண்ணன். அவனுக்குப் பன்னிரண்டு. மூன்றாவது மாமன் மகன். மீனாட்சிபுரத்தில் இருந்து லீவுக்கு எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தவன், அண்ணனுக்கு மூப்பு. மாடு கன்றோடு வளர்ந்தவன், மலை பழக்கமில்லை. வேறு யாரும் இல்லை.

அண்ணன் போன மாசம் இறந்துவிட்டான். பூப்பாறைக்கு ஜீப் ஓட்டிக்கொண்டு போனபோது நெஞ்சு வலி. வண்டியை ஓரம் கட்டி, பிரேக் போட்டுவிட்டுத்தான் போனான். உள்ளே இருந்தவர்களுக்கு ஒரு கீறலும் இல்லை. நல்ல மனுஷன் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எனக்குச் சொல்ல இந்த ஒன்றுதான் இருக்கிறது.

அந்த வருஷம் எனக்கு உடம்பில் ரத்தம் இல்லை. நாலு எட்டு நடந்தால் இளைக்கும். பள்ளிக்கூடமும் இல்லை, தோழியும் இல்லை. விளையாட அண்ணன்தான். அடுத்த செவ்வாய்க்குள் ரத்தம் ஏறாவிட்டால் பெட்டில் சேர்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எங்கள் லயத்தில் அப்படிச் சேர்த்த பிள்ளை ஒன்று திரும்பி வரவில்லை. எனக்குப் பயம். அம்மாவுக்கு என்னைவிடப் பயம்.

மலைக்கு அந்தப் பக்கம் அத்தை வீடு. ஆடி மாசம், அங்கே கிடா வெட்டு. ஈரலைப் பிள்ளைக்கு என்று எடுத்து வைக்கிறேன், சூடாகத் தின்ன அனுப்பு என்று அத்தை சொல்லிவிட்டிருந்தாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தோட்டத்தில் வேலை. ஜீப்பில் போங்கள் என்று எங்களை அனுப்பினார்கள்.

மழையில் ரோட்டுக்குக் குறுக்கே மரம் விழுந்து, ஜீப் வரவில்லை. அண்ணன் கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். காட்டு வழியாகப் போகலாம் என்றான்.

ஒரு ஆள் நடக்கிற பாதை. மாமன் மகன் முன்னால் போனான். அண்ணன் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினான்.

“மச்சான், நீங்க கடைசியில வாங்க. பாப்பா முன்னாடி போகட்டும்.”

“ஏன்டா மாப்ளே, ஆனை வந்துச்சுன்னா பொட்டப்புள்ளையக் காட்டிப்போட்டு ஓடிப்போலாம்னு பாக்கறயா?”

“ஆனை நேத்தே அங்கிட்டு எறங்கிருச்சு. வாங்க.”

“பயந்தாங்கொள்ளி! ஊருக்குப் போயி உங்க மாமன்கிட்டச் சொல்றனா இல்லையா பாரு.”

அண்ணன் என் பக்கம் திரும்பினான். என்னிடம் மட்டும் சொன்னான்.

“வெரசா நட பாப்பா. எங்கயும் நிக்காத.”

மழைக்காலத்தில் அந்தப் பாதை முழுக்க அட்டை. மண்ணில் இருந்தும் ஏறும், இலையில் இருந்தும் ஏறி ரத்தம் குடிக்கும். எங்களுக்கு அது புதுசில்லை. மாமன் மகன்தான் கடைசியில் குதித்துக் குதித்து, சாமி பெயரை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு வந்தான். அண்ணன் என்னை ஒட்டியே பின்னால் வந்தான்.

பாதி வழியில் ஒரு பேஷன் புரூட் பழம் விழுந்து கிடந்தது. குனிந்தேன். அண்ணன் முதுகில் கை வைத்துத் தள்ளினான். நல்ல தள்ளு. அதுவரை அவன் என்மேல் கை வைத்தது கிடையாது. அழுதேன்.

“அழு. அழுதுக்கிட்டே நட” என்றான்.

“புள்ளைய ஏன்டா அடிக்கறே? உன்ற வீரத்த ஆனைகிட்டக் காட்டு” என்று பின்னால் சத்தம் வந்தது.

அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். அண்ணனுக்கு ஆனை என்றால் பயம், அதனால் என்னை முன்னால் விட்டான், அடித்தான் என்றேன். அத்தை அவன் காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். சுண்ணாம்பு எடுக்க உள்ளே போனாள்.

செவ்வாய்க்கிழமை கையில் குத்திப் பார்த்தார்கள். கொஞ்சம் ஏறியிருக்கிறது, சேர்க்க வேண்டாம் என்றார்கள். ஈரல்தான் காப்பாற்றியது என்று அம்மா சாகிற வரை சொன்னாள்.

போன மாசம் அண்ணன் சாவு வீட்டுக்கு மாமன் மகனும் வந்திருந்தான். தலை நரைத்துவிட்டது. “மாப்ளைக்கு ஆனைன்னாப் பயமுங்க. தங்கச்சிய முன்னால உட்டுப்போட்டு நடந்தவனுங்க” என்று சொல்லிவிட்டு அழுதான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இருக்கட்டும் என்று விட்டேன்.

நான் ஏலக்காய் எடுக்கப் போன முதல் வருஷம், கூட வந்த பொம்பளைகள் என்னைத்தான் முன்னால் நடக்கச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டேன். முன்னால் போகிறவள் காலடி பட்டு அட்டை தலையைத் தூக்கும், அது எட்டிப் பிடிப்பதற்குள் அவள் போய்விடுவாள், அவளை ஒட்டிப் பின்னால் வருகிறவள் காலில்தான் அதிகம் ஏறும் என்றார்கள். நின்றால் மட்டும் முன்னால் போகிறவளுக்கும் ஏறும். சாயங்காலம் அண்ணனிடம், அதற்குத்தான் என்னை முன்னால் விட்டாயா என்று கேட்டேன். “அப்படியா?” என்றான். சோற்றைப் போடச் சொன்னான்.

அன்றைக்கு அத்தை ஈரலைக் கண்ணில் காட்டுவதற்கு முன்னால் எங்களை வாசல் கல்லில் நிற்க வைத்தாள். சுண்ணாம்பைத் தொட்டு வைத்து ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் போட்டாள். அது எனக்கு விளையாட்டு. கூடவே எண்ணினேன். என் காலில் இரண்டு. மாமன் மகன் காலில் ஒன்பது. எனக்குப் பத்து வரைதான் தெரியும். அண்ணன் காலில் பத்து ஆனதும், நீதான் தோற்றாய் என்று கை தட்டினேன். அவனும் ஆமாம் என்று சிரித்தான். பத்துக்கு மேல் அத்தை எண்ணினாள்.

இருபத்தேழு.