என் கைக்குப் பதில் வரைந்தவன்

செய்தி வந்தபோது நான் ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் மேல்தளத்தில் நின்றுகொண்டிருந்தேன். அன்று கூரைக்குக் கான்கிரீட் போடும் நாள். மிக்ஸர் இரைச்சலில் சாகுலின் தம்பி போனில் சொன்னது முதலில் விளங்கவில்லை. கீழே இறங்கி வந்து மறுபடி கேட்டேன். "அண்ணன் போயிட்டாகண்ணே. குமுளியில இருந்து இறங்குறப்ப மழையில ஜீப்பு கவுந்துருச்சு" என்றான். எந்த அண்ணன் என்று கேட்க வாயெடுத்தேன். அவனுக்கு இருப்பது ஒரே அண்ணன்தான். கான்கிரீட்டை ஆரம்பித்துவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது. கொத்தனார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க கெளம்புங்க சார், நாங்க முடிச்சிருவோம்" என்றார். உத்தமபாளையத்தில் அவர்கள் தெரு முழுவதும் ஆட்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தோம்.

சாகுல் ஹமீதை உங்களில் பலருக்குத் தெரியும். தேனியில் எங்களிடம் வீடு கட்டியவர்களுக்கு அவன் 'சத்தமாச் சிரிக்கிற இன்ஜினியர்'. அவன் இன்ஜினியர் இல்லை, ஆர்க்கிடெக்ட் என்று நான்தான் திருத்துவேன். அவன் ஒரு நாளும் திருத்தியதில்லை. மதுரையில் கூடப் படித்தவர்களுக்கு அவன் செய்த சேட்டைகள் நினைவிருக்கும். ஆனால் நானும் அவனும் ஃபின்லாந்தில் படித்த அந்த ஒரு வருடத்தைப் பற்றி நீங்கள் கேட்டதெல்லாம் அவன் சொன்ன சிரிப்புக் கதைகள். அங்கே நடந்த ஒன்றை மட்டும் அவன் எப்போதுமே விட்டுவிடுவான். அதை நான் சொல்ல வேண்டும்.

நான் போடிக்காரன், அப்பாவுக்கு பஜாரில் பாத்திரக் கடை. சாகுலின் அத்தாவுக்கு உத்தமபாளையத்தில் திராட்சை வியாபாரம். இருவரும் ஒரே பள்ளத்தாக்கில் வளர்ந்திருந்தும் மதுரைக் கல்லூரியில்தான் முதலில் பார்த்துக்கொண்டோம். நான்காம் ஆண்டில் எங்கள் வகுப்பிலிருந்து இரண்டு பேரை ஒரு வருடம் ஃபின்லாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே வாங்கும் மதிப்பெண் இங்கே சேரும். அங்கே தோற்றால் இங்கேயும் தோற்றதுதான். 2001இல் நாங்கள் கிளம்பிய அன்று அவனுடைய அத்தா தேனி பஸ் நிலையம் வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, இவனுக்கு வாயும் பெருசு, வயிறும் பெருசு. படிப்ப நீங்க பாத்துக்கங்க. சாப்பாட்ட அவன் பாத்துக்கிருவான்" என்றார். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். சாகுலும் நானும் ஒருவருக்கொருவர் மாப்ள.

சாப்பாட்டை அவன் பார்த்துக்கொண்டான் என்பது உண்மை. அது ஃபின்லாந்தின் வடக்கே, கடலோரத்தில் ஒரு சிறிய நகரம். நவம்பரில் நோன்பு பிறந்தபோது மதியச் சோறு முடிந்த கொஞ்ச நேரத்திலேயே பொழுது அடைந்துவிடும். தெருமுனைத் தொலைபேசியிலிருந்து அவன் வீட்டுக்குப் பேசினான். நானும் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒண்டிக்கொண்டு நின்றேன்.

"அத்தா, இங்கன மூணு மணிக்கே நோன்பு தொறந்துட்டேன்."

"ஏலே, அது நோன்பாடா? நம்ம ஊர்ல அந்நேரம் ஆளுக மத்தியானச் சாப்பாட்டு ஏப்பம் விட்டுக்கிட்டு இருப்பாக!" என்று மாமா போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

விடுதிச் சமையலறையில் தினமும் நோன்புக் கஞ்சி காய்ச்சினான். தேங்காய்க்குப் பதில் டப்பாவில் வந்த தேங்காய்ப்பால். பக்கத்து அறைப் பெண் ஒருத்தி இரண்டாம் நாளே கிண்ணத்தோடு வந்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் 'கஞ்சி'. பிறகு எங்களை எங்கே பார்த்தாலும் வணக்கம் சொல்வதுபோல அதைத்தான் சொல்வாள். தெருவில் போகும்போது வெள்ளையாக நின்ற கட்டடங்களை நான் வாய் பிளந்து பார்த்தால், "பனி மூடுனா எல்லாமே புதுசா வெள்ளையடிச்ச வீடு மாதிரித்தான் இருக்கும். உருகட்டும். எந்தச் சுவத்துல வெடிப்பு இருக்குன்னு அப்பறம் பாப்போம்" என்பான். எந்தக் கட்டடத்தைப் பற்றியும் அவசரப்பட்டு வியக்காதவன் அவன்.

அந்த வருடத்தின் கடைசி வேலை, அந்த ஊருக்கு ஆளுக்கொரு கட்டடம் வடிவமைப்பது. நான் துறைமுகத்தருகே ஒரு சிறிய நூலகத்தை எடுத்துக்கொண்டேன். சாகுல் பஸ் நிலையத்துக்கு ஒரு காத்திருப்புக் கூடம். நல்ல குளிரிலும் அங்கே போய், பஸ்ஸுக்கு நிற்பவர்களோடு நிற்பான். யார் கதவைப் பார்த்து உட்காருகிறார்கள், யார் பையை மடியில் வைத்துக்கொள்கிறார்கள் என்று கவனிப்பான். அவ்வளவு ஆசையாக அவன் வேறெந்த வேலையையும் செய்து நான் பார்த்ததில்லை.

ஏப்ரலில் பனி உருகி, இரவுக் குளிரில் மறுபடியும் உறைந்து, நடைபாதை கண்ணாடியாக இருந்த ஒரு காலையில் நான் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரிப்பதற்குள் தேர்வே முடிந்துவிடும். எங்கள் ஆசிரியைக்குக் கையால் வரைந்த தாள்கள்தான் வேண்டும். நரைத்த தலை, அளந்த பேச்சு. "யோசனை உன்னுடையதாக இருக்க வேண்டும். கை வேறொருவருடையதாக இருக்கலாம். ஆனால் நடுவர்கள் முன்னால் நீதான் நின்று பேச வேண்டும்" என்றார். வகுப்பில் எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை. யார் வரைந்து தருவீர்கள் என்று அவர் கேட்டபோது யாரும் நிமிரவில்லை. சாகுல் கையைத் தூக்கினான்.

வெளியே வந்ததும், "உன் வேலை என்னடா ஆகும்?" என்றேன்.

"அது தன்னால ஆகும். நீ சொல்லு, நான் கோடு போடுறேன்."

அப்படியே நடந்தது. நான் கட்டிய கையோடு நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவன் குனிந்து வரைந்தான்.

"இந்தச் சுவரு எங்கன வருது?"

"ஜன்னலுக்குக் கொஞ்சம் தள்ளி."

"வேணாம் மாப்ள, இருட்டாயிரும்."

"என் டிசைன்டா."

"சரி, உன் சுவரு, உன் தலவலி" என்று சொன்னபடியே வரைவான். இரண்டு நாள் கழித்து அந்தச் சுவரை நானே அழிக்கச் சொன்னபோது ஒரு வார்த்தை பேசாமல் ரப்பரை எடுத்தான். ஒரு தாளில் மேசைமேல் கவிழ்ந்து தூங்கும் ஒரு கிழவரை அவனாகவே வரைந்திருந்தான். யாரிது என்றேன். "லைப்ரரின்னா ஒருத்தராவது தூங்கணும்ல" என்றான். மே மாதத்தில் ராத்திரியிலும் இருட்டவே இல்லை. "நோன்பு இப்ப வந்திருந்தா என் கதி என்னாகும்!" என்று சிரித்துக்கொண்டே அடுத்த தாளை விரித்தான். மிச்ச நேரத்தில் தன் வேலையை முடித்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். மிச்ச நேரம் என்று ஒன்று வரவேயில்லை.

தேர்வன்று என் நூலகத்தை நடுவர்கள் பாராட்டினார்கள். தூங்கும் கிழவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார். அடுத்து சாகுல் போய் நின்றான். பாதித் தாள்கள், மாதிரிக் கட்டடத்துக்குக் கூரை இல்லை. வெளியிலிருந்து வந்த நடுவர், "இத்தனை வாரம் என்ன செய்தாய்?" என்று கேட்டார். நேரத்தைச் சரியாகத் திட்டமிடவில்லை என்று பதில் சொன்னான். நடந்ததைச் சொல்ல நான் எழுந்தேன். என் பக்கம் திரும்பாமலே தமிழில் சொன்னான்: "உக்காரு மாப்ள. ரெண்டு பேரும் ஃபெயிலாகி ஊருக்குப் போக வேணாம்."

ஆசிரியை எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். ஆனாலும் முடிக்காதது முடிக்காததுதான். இலையுதிர் காலத்தில் மறுபடி வந்து முடிக்கச் சொன்னார். அதற்குள் எங்கள் விசா முடிந்துவிடும். சாகுல் அந்தப் பருவத்தை இழந்தான்.

ஊர் திரும்பிய இரண்டாம் நாள் உத்தமபாளையத்தில் விருந்து. சொந்தக்காரர்களையெல்லாம் மாமா கூப்பிட்டிருந்தார். "ரெண்டு பேரும் பாஸ் பண்ணிட்டு வந்திருக்காக" என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்க, சாகுல் சாப்பிட உட்காராமல் நின்றான்.

"அத்தா, மாப்ளதான் பாஸ். நான் ஃபெயில்."

"வெளையாடாத."

"நெசமாத்தான்."

மாமாவின் முகம் சிவந்தது. "ஒரு வருசமா அங்கன என்னடா பண்ணுன? கஞ்சி காச்சுனியா?" என்றார். மூலையில் உட்கார்ந்திருந்த அவருடைய மச்சான், "அம்புட்டுத் தூரம் அனுப்பாதீகன்னு அன்னைக்கே சொன்னேன்ல" என்று தொடங்கினார். சாகுல் தலையைக் குனிந்துகொண்டான். காரணம் சொல்லக் கூடாது என்று விமானத்திலேயே என்னிடம் சத்தியம் கேட்டிருந்தான். நான் செய்து கொடுக்கவில்லை. எழுந்து நின்று, விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லோரும் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டிலிருந்து ஒரு கறித்துண்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"கை இப்பச் சரியாயிருச்சா மாப்ள?"

"ஆயிருச்சு மாமா."

"அப்ப நல்லாச் சாப்பிடுங்க."

பிறகு மச்சான் பக்கம் திரும்பி, "எம் மகன் ஃபெயிலுதான். யாரு கேட்டாலும் அப்படியே சொல்லுங்க" என்றார். மகனை நிமிர்ந்து பார்த்தார். "ஏலே, நீ ஏன் நிக்கிற? உக்காரு."

தனக்குக் கீழே படித்தவர்களோடு சாகுல் மறுபடி வகுப்பில் உட்கார்ந்தான். நாங்கள் பட்டம் வாங்கிய அன்று கூட்டத்தில் நின்று கை தட்டினான். திரும்பும்போது பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். "அந்த வெயிட்டிங் ஹால் நல்லா வந்திருக்கும் மாப்ள. அது மட்டுந்தான் கொஞ்சம் வலிக்குது" என்றான். அதைப் பற்றி அவன் வருந்திப் பேசியது அந்த ஒரு முறைதான்.

தேனியில் ஒரு மருந்துக்கடை மாடியில் நாங்கள் அலுவலகம் திறந்தோம். முதல் வீடு போடியில். வீட்டுக்காரர் ஹால், கார் நிறுத்தும் இடம், மாடிப்படி என்று அடுக்கிக்கொண்டே போக நான் குறித்துக்கொண்டிருந்தேன். சாகுல் குறுக்கே புகுந்து கேட்டான்: "அண்ணே, உங்க வீட்ல மொதல்ல யாரு எந்திரிப்பாக?"

அவர் விழித்தார். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் மனைவி, "நாந்தேன்" என்றார்.

"எந்திரிச்சு மொதல்ல எங்கன போவீகக்கா?"

"கொல்லைக்கு. இருட்டுல பாம்பு கெடக்குமோன்னு பயந்துக்கிட்டே போவேன்."

சாகுல் என் கையிலிருந்த தாளை வாங்கி, அந்தப் பெண் காலையில் நடக்கும் வழியை முதல் கோடாகப் போட்டான். வீட்டின் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன. அதன் பின் எங்களிடம் வந்த ஒவ்வொரு குடும்பத்திடமும் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். உங்களில் பலர் அதற்குப் பதில் சொல்லியிருப்பீர்கள்.

போன வாரம் வடுகபட்டியில் ஒரு வீட்டுக்கு இடம் பார்க்கப் போயிருந்தேன், தனியாக. பேச்சின் நடுவே, அவன் கேட்கும் இடத்தில், வீட்டில் முதலில் யார் எழுந்திருப்பார்கள் என்று நான் கேட்டேன். கணவர் "நான்" என்றார். மனைவி "நாந்தேன்" என்றார். லாரி ஓட்டி ஓய்ந்துவிட்ட, அந்தப் பெண்ணின் மாமனார், "ரெண்டு பேரும் பொய் சொல்லுறாக தம்பி. இவுக எந்திரிக்கிறப்ப நான் கடைக்குப் போயி டீ குடிச்சிட்டு வந்திருப்பேன்" என்றார். வீடே சிரித்தது. அந்தக் கேள்வி அவனுடையது. அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதும் அதுதான். பெரியவரிடம், "எந்திரிச்சு மொதல்ல எங்கன போவீகய்யா?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லச் சொல்ல வரையத் தொடங்கினேன்.