கிள்ளானில் ஈரம் போதாத பல்லி

வேலை கிடைத்துப் பினாங்குக்குப் போன என் மகள், தலையணை முதல் தண்ணீர்ப் போத்தல் வரை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். பல்லியை மட்டும் என்னிடம் விட்டுவிட்டாள். வாடகை அறையில் பிராணி வளர்க்கக் கூடாதாம்.

எங்கள் கிள்ளான் வீட்டில் பல்லிக்குப் பஞ்சமில்லை. சுவருக்குச் சுவர் இருக்கின்றன. துடைப்பத்துக்குப் பயந்து மரியாதையாகவும் நடந்துகொள்கின்றன. இது அந்த ஜாதி இல்லை. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட சிறுத்தைப் பல்லி. கண்ணாடித் தொட்டியில் வாசம், வயிற்றுக்கடியில் இதமாகச் சூடு கொடுக்க மின்சாரப் பாய், சாப்பாட்டுக்கு உயிருள்ள பூச்சி. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில்கூட எனக்கு இந்த உபசாரம் கிடைத்ததில்லை.

கிளம்புமுன் மகள் பாடம் நடத்தினாள். தொட்டியின் மூலையில் ஓட்டை போட்ட மூடியோடு ஒரு டப்பா இருந்தது. உள்ளே ஈரப் பாசி. "தோல் உரிக்கிற நேரத்துல அது இதுக்குள்ள போய் உக்காந்துக்கும். பாசியக் காய வுட்டுறாதீங்கப்பா," என்றாள். நான் தலையாட்டினேன். குடும்பஸ்தனுக்கு அது பழகிய உடற்பயிற்சி.

மனத்துக்குள் மட்டும் சிரித்தேன். கிள்ளானில் அப்பளம் ரசம் வரும்வரை மொறுமொறுப்பாக இருந்து நான் பார்த்ததில்லை. உப்பு டப்பாவில் அரிசி போட்டு வைக்கிறோம். காலையில் காயப்போட்ட துண்டு மாலையில் அதே ஈரத்தோடு கையில் ஒட்டுகிறது. இந்த ஊரில் மெனக்கெட்டு ஈரம் பண்ணி வைப்பது செம்பனைத் தோட்டமாகவே கிடக்கும் கேரி தீவுக்குச் செம்பனைக் கன்று கொண்டுபோய் விற்கிற மாதிரி. பாசியை அதன் போக்கில் விட்டுவிட்டேன்.

அதோடு நின்றேனா? ஒரு லோரி கம்பெனியின் கணக்குகளை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். அந்த அறையில் நாள் முழுவதும் ஏசி ஓடும். பல்லிக்குத் துணையாக இருக்கட்டும் என்று தொட்டியை அங்கே கொண்டுபோய் வைத்தேன். மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "கீழ அடுப்பு, மேல ஏசி. இது பல்லிக்கா, உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

ஒருநாள் பல்லி மாவில் புரண்டதுபோல் வெளுத்தது. மறுநாள் பளபளப்பாக நின்றது. தோலை உரித்துவிட்டிருந்தது. ஆனால் விரல்களில் மட்டும் வெள்ளை வெள்ளையாக ஏதோ மிச்சம். காலுறை மாதிரி அழகாக இருக்கவே படம் எடுத்து, 'உன் பிள்ளை ஸ்கூலுக்குக் கிளம்பிட்டான்' என்று எழுதி மகளுக்கு அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டாள். குரலில் சிரிப்பு இல்லை.

"அது சாக்ஸ் இல்லப்பா. பழைய தோல் இறுகிக்கிட்டா ரத்தம் போகாது. விரல் கறுத்து விழுந்துரும். டப்பால ஈரம் இருக்கா, இல்லியா?"

கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தேன். பின்னங்காலில் ஒரு விரல் வீங்கியிருந்தது. டப்பாவுக்குள் பாசி, ஏசிக் காற்றில் காய்ந்து, பழைய தேங்காய் நார் போலக் கிடந்தது. லைன் சரியில்லை என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். லைன் அருமையாக இருந்தது.

அவள் வைத்தியம் சொல்லுமுன் வைத்துவிட்டதால் சொந்த வைத்தியத்தில் இறங்க வேண்டியதாயிற்று. விரலில் மாட்டிய மோதிரத்துக்கு நம் வீடுகளில் என்ன செய்வோம்? தேங்காயெண்ணெய். ஒவ்வொரு விரலுக்கும் தாராளமாகப் பூசினேன். "தாளிக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி. பேச்சுக்குத் திரும்பிய நொடியில், சவுக்காரம் போல வழுக்கிய பல்லி என் கையில் ஏறி, தோளைக் கடந்து, உச்சந்தலையில் போய் உட்கார்ந்தது. பிடித்துக்கொள்ள அங்கே தலைமுடியும் கிடையாது, பாவம்.

மனைவி இரண்டடி பின்வாங்கினாள். எங்கள் நாட்காட்டியின் பின்பக்கத்தில் பல்லி விழும் பலன் இருக்கிறது. தலைக்குக் கலகம்.

"போய்க் குளிங்க."

"விழலியே, ஏறுச்சு."

"ஏறுனாலும் அதேதான். அப்படியே போங்க, வீட்டுக்குள்ள நடக்காதீங்க."

பல்லியைத் தொட்டியில் விடக்கூட அனுமதி இல்லை. குளியலறைக்குள் அதை ஒரு காலி வாளியில் இறக்கி மூலையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, வெந்நீரில் நிதானமாகக் குளித்தேன். கலகம் கழிய வேண்டும் அல்லவா. ஆவியில் கண்ணாடியே மறைந்தது. துண்டோடு வாளியை எட்டிப் பார்த்தால், விறைத்துக் கிடந்த காலுறைகள் ரசத்தில் விழுந்த அப்பளம்போல ஊறித் தளர்ந்திருந்தன.

கதவைத் திறந்து மனைவியிடம் போனை வாங்கி மகளைக் கூப்பிட்டேன். லைன் சரியாகிவிட்டது, ஆவியில் தோலும் இளகிவிட்டது என்றேன். "இதத்தான்பா சொல்ல வந்தேன்," என்றாள். இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் நிற்கவைத்து, ஈரப் பஞ்சுக் குச்சியால் மெல்ல உருட்ட வேண்டும். இழுக்கவே கூடாது.

விரலோ மிளகாய் விதை அளவு. மூக்குக் கண்ணாடி போட்டால் ஆவி படிகிறது, கழற்றினால் விரலே தெரியவில்லை. அதைப் போனில் ஒப்புக்கொண்டேன். போனிலிருந்து மகள் சொன்னாள்: "ம்மா, நீங்க பண்ணுங்கம்மா. அப்பா பண்ணா விரல் போயிரும் லா."

சுவர்ப் பல்லி கத்தினாலே மேசையைத் தட்டுகிறவள் என் மனைவி. குச்சியைப் பார்த்தாள், பல்லியைப் பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குச்சியை வாங்கினாள். நான் பல்லியைப் பிடித்துக்கொண்டேன், அவள் உருட்டினாள். சின்ன வெங்காயம் உரித்துத் தேர்ந்த கை. ஒவ்வொன்றாகக் கழன்றது. வீங்கிய விரல் மட்டும் மசியவில்லை. நான் நகத்தைக் கொண்டுபோனேன். என் கையைத் தட்டிவிட்டாள். "ஊறட்டும். பருப்பா இருந்தாலும் ஊறுனாத்தான்."

சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். போனில் மகள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. கடைசியில் அந்தத் தோல் தொப்பிபோலக் கழன்று வந்தது. அடியில் விரல் சிவந்திருந்தது, கறுக்கவில்லை. பல்லி அதை நீட்டி, மடக்கி, வாளி அடியில் ஊன்றியது. பிறகு திரும்பி, குச்சியில் ஒட்டியிருந்த தன் தோலை நக்கி விழுங்கியது. "எல்லா விரலும் இருக்காம்மா?" என்றாள் மகள். "இருக்கு," என்றாள் மனைவி. அந்த ஒரு சொல்லில் கொஞ்சம் பெருமை இருந்தது.

நிமிரும்போது அவள் பார்வை என் பாதங்களில் விழுந்தது. குதிகால் இரண்டும் கோடை வயல்போல வெடித்துக் கிடந்தன.

"நீங்களும் அந்த ரூம்லதான இருக்கீங்க?"

இப்போது அந்த அறையில் ஏசி இல்லை. காற்றாடி சுற்றுகிறது, நான் வேர்த்து ஒழுகிக் கணக்குப் பார்க்கிறேன். காலையில் முதல் வேலை, டப்பாவுக்குள் விரலை விட்டுப் பாசியைத் தொட்டுப் பார்ப்பது. மிஞ்சிய தேங்காயெண்ணெய்ப் போத்தலை அன்றே என் குதிகாலுக்கென்று மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டாள் மனைவி. பஞ்சுக் குச்சியை எடுத்துக்கொண்டு மட்டும் இந்தப் பக்கம் வரவில்லை.