சாமி விளக்கும் பதினைந்து ஆம்பியரும்

எங்கள் தோட்டத்தில் என்னைப் பற்றிக் கேட்டால், ‘சாமி விளக்கை அணைச்சவன்’ என்றுதான் இன்றும் சொல்வார்கள். பக்கத்து டவுன் பகாவில் இருபது வருடமாகக் கார் வயரிங் வேலை செய்கிறேன் என்பது யார் வாயிலும் வராது.

அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்காகச் சிரம்பானுக்குப் போக வேண்டியிருந்தது. செம்பனை மரங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் லயத்து வீடுகளுக்குப் பஸ் வராது. இருந்தது அப்பா விட்டுப்போன பழைய கார் ஒன்றுதான். அந்தக் காலத்துக் காரில் பியூஸ் நாலைந்துதான் இருக்கும். முன்விளக்கு வயர் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக ஓடும். எங்காவது உரசினால் வயரே பற்றிக்கொள்ளும். அம்மா பின்சீட்டில் படுத்து வரும் வண்டி அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே அந்த வயரை வெட்டி, பதினைந்து ஆம்பியர் பியூஸ் ஒன்று வைத்தேன். அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் உள்ளே இருக்கும் சின்னக் கம்பி உருகிவிடும், வயர் பிழைத்துக்கொள்ளும்.

அந்த வருடத் திருவிழாவில் ஜெனரேட்டர் காலை வாரிவிட்டது. என் அண்ணன் கோயில் கமிட்டியில் செயலாளர். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் காரை ரதத்துக்கு முன்னால் கொண்டுவந்து, முன்விளக்கு வயரில் ரதத்தின் விளக்குச் சரங்களைக் கோத்துவிட்டார். அது போதாதென்று ஒலிபெருக்கியையும் அதிலேயே மாட்டினார். பொழுது சாய்ந்து, தோட்டத்துக் கணக்கெழுதிய பழைய கிராணி வீட்டு முனையில் ரதம் திரும்பும்போது பியூஸ் போனது. எல்லாம் அணைந்தது.

ஊர்வலத்தில் சாமி இருட்டில் நின்றால் அந்த வருடம் தோட்டத்துக்கு ஆகாது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பயம் உண்டு. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“என்னடா பண்ணி வச்சிருக்க?” என்றார் அண்ணன்.

“பியூஸ் அது வேலையத்தான் செஞ்சிருக்கு அண்ணே. ஸ்பீக்கர கழட்டுங்க, வேற போடறேன்.”

“சாமி இருட்டுல நிக்குது, நீ ஆம்பியர் பேசிக்கிட்டு நிக்கிற லா.”

சிகரெட் பெட்டியிலிருந்து வெள்ளித்தாளைக் கிழித்து, கருகிய பியூஸின் மேல் சுற்றித் திரும்பச் செருகினார். விளக்கு வந்தது, ஆனால் இனி எவ்வளவு கரண்ட் ஓடினாலும் தடுக்க ஒன்றுமில்லை. அவருக்கு டார்ச் பிடித்தவன் நான். என்னுடைய அந்தக் கையை நினைத்தால் இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் முழுக்க அண்ணன் அதே காரில் பந்தல் சாமான் ஏற்றிவிட்டு, திங்கட்கிழமை விடியற்காலை அம்மா கிளம்பும்போதுதான் சாவியைக் கொடுத்தார்.

“தாள எடுத்துட்டீங்களா அண்ணே?”

“எடுத்துட்டேன் லா, போ.”

மழை தூறிக்கொண்டிருந்தது. நான் பானட்டைத் திறந்து பார்க்கவில்லை.

புக்கிட் பூத்துஸ் மலைச்சாலையில் டாஷ்போர்டுக்குள்ளிருந்து புகை கிளம்பியது. ஊர்வலத்தன்று சூட்டில் உறை இளகிய வயர், இப்போது இரும்பில் ஒட்டிப் பற்றிக்கொண்டது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு சாலையோரம் போவதற்குள் முன்பக்கம் முழுக்கத் தீ. அண்ணன் தாளை எடுக்கவே இல்லை. அன்றைய சுத்திகரிப்பு தவறியது. மறுநாள் நுரையீரலில் நீர் கோத்து அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். விளக்கு அணைந்தது அபசகுனமாம், அதுதான் காரைத் தின்றதாம். வெள்ளித்தாளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அண்ணன் கட்டிலின் தலைமாட்டில் நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அம்மா ஆக்சிஜன் குழாயைக் கொஞ்சம் விலக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஒன்ன யாருடா சாமி வெளக்குக்குக் குறுக்க அத வைக்கச் சொன்னா?”

பிறகு இன்னொரு பழைய கார் வாங்கினேன். இதிலும் அதே மாதிரி வயர்தான். ஏறுவதற்கு முன் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் கேட்கிறாள்.

“இதுல ஒண்ணும் வைக்கலயே?”

“இல்லம்மா.”

“சாமி மேல சத்தியமா?”

பேட்டரிக்கு அடியில், கறுப்பு டேப் சுற்றி, யார் கண்ணிலும் படாமல் அந்தப் பதினைந்து ஆம்பியர் இருக்கிறது. வாரம் மூன்று நாள் சாமி மேல் பொய்ச் சத்தியம் செய்துவிட்டுத்தான் அம்மாவை வண்டியில் ஏற்றுகிறேன்.