எஸ்தர் அக்காவின் ஜெப விண்ணப்பம்

எஸ்தர் அக்கா காலமான செய்தியை நாவுல ஊருக்கு ஓடும் பஸ்ஸின் கொண்டக்டர்தான் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தி எனக்குச் சொன்னார். கேட்டதும் அழுகை வரவில்லை. கோயில் சாவி யாரிடம் இருக்கிறது என்ற நினைப்புதான் முதலில் வந்தது. அக்காவை அறிந்த சபையாராகிய உங்களுக்கும் அதுதான் வந்திருக்கும்.

சாவி இருப்பது சபைக் காரியங்களைப் பார்க்கும் கோயில் வார்டனிடம். தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கர். அவர் பெயரை அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் எழுத எனக்கு மனமில்லை. அக்காவின் கணவர் யோவான் அண்ணன் ஒருமுறை சபையின் வருடக் கூட்டத்தில் எழுந்து, முன்வரிசை பெஞ்சுகள் ஏன் கிளாக்கர் குடும்பங்களுக்கு மட்டும் என்று கேட்டார். அடுத்த மழைக்காலத்தில் அண்ணன் இறந்தபோது போதகர் கண்டியில் இருந்தார். சாவியைக் காணவில்லை என்று வார்டன் சொல்லியனுப்பினார். பூட்டிய கதவுக்கு வெளியே, பலாமரத்தடியில் பெட்டியை இறக்கி வைத்தோம். போதகருக்குப் பதிலாக உபதேசியார் மழையில் குடைபிடித்து நின்று ஜெபம் வாசித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை அதே சாவியால் கோயில் வழக்கம்போலத் திறந்தது.

அக்கா வேறு சபைக்குப் போய்விடுவார் என்று நினைத்தோம். அவரோ அந்த ஞாயிறே விளக்குமாறோடு வந்து கோயிலைக் கூட்டினார், பூச்சாடிகளை நிரப்பினார், பிறகு முன்வரிசையில் வார்டன் மனைவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "நான் ஏன் போகணும்? இது அவரு வீடா?" என்று என்னிடம் கேட்டார்.

புதன்கிழமைகளில் வீட்டுக்கு வீடு மாறி நடக்கும் ஜெபக்கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒருவர் காய்ச்சலுக்காக ஜெபிக்கச் சொல்வார், ஒருவர் இந்தியாவுக்குப் போன மகனுக்காக. அக்கா எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மிக மரியாதையாகச் சொல்வார்: "நம்ம வார்டன் ஐயாவோட மனசு கல்லா இருக்குங்க. கர்த்தர் அத இளக்கணும். எல்லாரும் ஜெபிச்சுக்குங்க." யாரால் மறுக்க முடியும்? சபை முழுவதும் கண்மூடி ஜெபிக்கும். வார்டனும் தன் கல்மனசுக்காக ஆமென் சொல்லியாக வேண்டும். அவர் வராத வாரங்களில், வராத காரணத்தையும் அக்கா விண்ணப்பத்தில் சேர்த்துக்கொள்வார்.

போதகர் மன்னிப்பைப் பற்றி ஒருநாள் பேசிப் பார்த்தார். "மன்னிக்கிறேங்க ஐயா. அவரு வந்து கேக்கட்டும்" என்றார் அக்கா. வார்டன் வரவே இல்லை. படுக்கையில் விழுந்த பிறகு அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "என்னையும் வெளிய வச்சிடாதீங்க தம்பி."

எனவே செய்தி கேட்ட கையோடு, சபை இளைஞர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு வார்டன் வீட்டுக்குப் போனேன். இந்த முறையும் சாவி காணாமல் போயிருந்தால் கதவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவோம் என்று சொன்னேன். சாவி சட்டைப்பையிலேயே இருந்தது. அவரே வந்து திறந்தார். திறந்துவிட்டு, எங்களுக்கு வழிவிட்டுக் கதவோரம் ஒதுங்கி நின்றார். பார்க்க எனக்கு இனித்தது, அதை மறைக்கப் போவதில்லை.

அடக்க ஆராதனையில் போதகர் என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார். அக்காவின் விண்ணப்பத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கோயில் கொள்ளாத சனம் ஆமென் சொன்னது. வார்டனின் உதடு அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அசைந்தது.

அக்கா எனக்கு விட்டுப்போனது அந்த விண்ணப்பம்தான். வேறொருவருக்கும் அதைக் கொடுப்பதாக இல்லை. வார்டன் ஐயா, சபை மடலில் நீங்களும் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். வருகிற புதன்கிழமை கூட்டம் உங்கள் வீட்டில். நான் வருவேன்.