மூன்று ஷீட்டிலும் பச்சை

1. என் கையெழுத்து

டெல்லியில் முப்படைகளுக்கும் பொதுவான திட்டப் பிரிவில் நான் கர்னலாக இருந்தபோது நடந்தது இது. இடங்களின் பெயரைச் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள்.

தரைப்படை, கடற்படை, விமானப்படை ஒவ்வொன்றும் ஒரு ரிஸ்க் ஷீட் கொடுக்கும். ஆபத்தைச் சமாளிக்க முடியுமென்றால் பச்சை, முடியாதென்றால் சிவப்பு. அந்த வருடம் மூன்றும் பச்சை. நானும் குஷியாகக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம் சின்னமனூரிலிருந்து தம்பி போனில் புலம்பினான். "மூணு வீட்டுக்கும் ஒரே கெணறுண்ணே. ஆளாளுக்கு அத நம்பி வாழயப் போட்டாச்சு. இப்ப மூணு தோட்டமும் ஒண்ணாக் காயுது."

எங்கள் மூன்று ஷீட்டும் இப்படி ஒரே கிணற்றை நம்பியிருந்தால்? ஆபீசுக்கு ஓடி மூன்று ஷீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். மலை எல்லைக்கு ஆள் அனுப்பத் தரைப்படை நம்பியிருந்த அதே சரக்கு விமானங்களைத்தான், தீவு முகாமுக்கு உதவி அனுப்பக் கடற்படையும் நம்பியிருந்தது. விமானப்படை தன் தளத்தை மாற்றவும் அவையேதான்.

2. அட்மிரல்

என் மேலதிகாரி அட்மிரல் குமுளிக்காரர், மலையாளம் கலந்து பேசுவார். திட்டுவார் என்று பயந்துகொண்டே போய் விஷயத்தைச் சொன்னேன்.

"எந்தா கர்னல், இன்னும் விமானம் கேட்டா கிடைக்குமா?"

"இப்போதைக்குக் கிடைக்காது சார்."

"அப்ப ஆபத்த எங்கயாவது வச்சுத்தானே ஆகணும்? எங்கன்னு நீங்க சொல்லுங்க."

மலையிலும் தீவிலும் ஒரே நேரத்தில் பிரச்சினை வந்தால் விமானங்கள் முதலில் மலைக்குப் போகும், விமானப்படையின் தளமாற்றம் காத்திருக்கும், தீவு நாலு நாள் தனியாகத் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று எழுதினேன். தீவு சிவப்பானது.

"சரி. அங்க இருக்கறவங்ககிட்ட யாரு சொல்றது? பச்சைன்னு கையெழுத்துப் போட்ட ஆளே போயிட்டு வாங்க" என்றார். அந்த மனிதர்மேல் இன்றும் எனக்குத் தனிப் பிரியம்.

3. தீவு

முகாம் பொறுப்பில் இருந்த சுபேதார் எங்கள் பக்கத்துக் கடமலைக்குண்டுக்காரர். ஊர்க்காரரிடமே இதைச் சொல்ல வேண்டியிருந்தது. எப்படியோ சொல்லி முடித்தேன்.

"நாலு நாளா சார்? மறுநாளே வந்துருவாகன்னுல்ல பயலுகளுக்குச் சொல்லி வச்சிருக்கேன்" என்றார். பிறகு நோட்டை எடுத்தார். "தண்ணி டேங்கு, மருந்து, ஒரு டாக்டரு. இத மட்டும் அனுப்பிருங்க. இங்கன நாங்க பாத்துக்கிறோம்."

அடுத்த கப்பலிலேயே அனுப்பிவைத்தோம்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: ஆபத்தை இல்லாமல் செய்ய நம்மால் முடியாது. அதைச் சுமக்கப்போகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் பச்சை என்று கையெழுத்துப் போட்ட அன்று, அந்த முகாமில் இரண்டு நாளைக்குத்தான் தண்ணீர் இருந்தது.