முன்னால் என்று எழுதிய தாள்

என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த ஒரு தாள் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில், அச்சடித்ததோ என்று நினைக்க வைக்கும் கையெழுத்தில் இரண்டே வரிகள். "இன்ஜின்: முன்னால். பெயர்: தனி பிராண்டாகும், கம்பெனி முத்திரை இருக்காது." எழுதியவர் எங்கள் டிராயிங் செக்‌ஷன் மேடம். முதல் வரி தப்பு. அந்தத் தப்பைச் சொல்லிச் சொல்லி ஒரு வருடம் முழுக்க அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எங்கள் கம்பெனி, வண்டிகளுக்கான தகடுகள் செய்வது. இன்ஜின் சூடு மற்ற இடங்களுக்குப் பரவாமல் தடுக்கும் மெல்லிய தகடுகள். காலையில் கம்பெனி வேன் சேலையூரில் கிளம்பி, கேம்ப் ரோடு வழியாக ஆட்களை ஏற்றிக்கொண்டு, பெருங்களத்தூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போகும். முக்கால் மணி நேரப் பயணம். அந்த நேரத்தில் மற்ற கம்பெனி வேன்களில் என்ன பேசுவார்களோ தெரியாது. எங்கள் வேனில் பேச்சு ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றித்தான். எங்களில் யாரும் அதை நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. இரண்டே பேர் உட்காரும் கார். தலைமுறை தலைமுறையாக நீண்ட மூக்குக்குள் இன்ஜினை வைத்திருந்தது. அடுத்த மாடலில் இன்ஜின் இருக்கைக்குப் பின்னால் போகப்போகிறது என்று ஒரு வதந்தி. அதைச் செய்யும் கம்பெனியின் முத்திரையை எடுத்துவிட்டு, அந்தக் காரின் பெயரையே தனி பிராண்டாக்கப் போகிறார்கள் என்று இன்னொரு வதந்தி.

பின்னால்தான் என்று நான் அடித்துப் பேசுவேன். இந்த மாதிரி வதந்திகளைப் போடுவதற்கென்றே இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தேன்; படிக்கவும் கொஞ்சம் பேர் இருந்தார்கள், அதனால் தலைக்கனமும் இருந்தது. மேடம் என் நேர் எதிர்க்கட்சி. "மூக்கு நீளமா இருந்தாத்தான் சார் அது அந்தக் கார். இன்ஜினைத் தூக்கிப் பின்னாடி வெச்சா, அது வேற வண்டி" என்பார். சும்மா சொல்ல மாட்டார். சக்கரங்களுக்கு இடையே இத்தனை தூரம், எடை இப்படிப் பிரியும் என்று ஜன்னல் தூசியில் விரலால் வரைந்தே காட்டுவார். ஓட்டுநர் அண்ணாவுக்குச் சிரிப்புத் தாங்காது. "இன்னா சார், அந்தக் காரை வாங்கிகினு வந்து வூட்டு வாசல்ல நிறுத்தின மாதிரி ரெண்டு பேரும் சண்டை போடுறீங்க!"

இதற்கு ஒரு சடங்கும் இருந்தது. ஆயுத பூஜைக்காக வேனைக் கழுவி வாழைக்கன்று கட்டும் நாளில், வேனில் தொங்கும் காலண்டரில் அன்றைய தாளையும் அதற்கு முந்தைய சில தாள்களையும் கிழித்து, ஆளுக்கொன்றாகக் கணிப்பை எழுதி முதலுதவிப் பெட்டியில் போடுவோம். அதில் பஞ்சு, மருந்து என்று எதுவும் இருந்ததே இல்லை, எங்கள் கணிப்புகள்தான். கார் வெளிவரும் நாளில் பெட்டி திறக்கும். இன்ஜின் விஷயத்தில் ஜெயித்தவருக்கு ஒரு வருடம் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட். தோற்றவருக்குப் பின்சக்கரத்துக்கு மேலே உள்ள கடைசி சீட். ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்த சீட் ஆளைத் தூக்கிப் போடும். மேடத்துக்கு ஏற்கெனவே முதுகுவலி. ஆனால் அதற்கு முன் வேறு கார்களைப் பற்றி எழுதிய எந்தக் கணிப்பிலும் அவர் தோற்றதில்லை. முன் சீட் அவருக்கே பட்டா போட்டது போல இருந்தது.

கார் வெளிவருவதற்கு முந்தைய வருடம் பெருங்களத்தூர் சிக்னலில் வேன் நின்றிருந்தபோது, சோதனை ஓட்டத்தில் யாரோ எடுத்த மங்கலான படம் ஒன்றை மேடத்திடம் நீட்டினேன். "கதவுக்குப் பின்னாடி காத்துப் போற ஓட்டை தெரியுதா மேடம்? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "பின் பிரேக்குக்கும் காத்து வேணுமே சார், அதுக்கா இருக்கும்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். விடாக்கண்டன் என்று நினைத்துக்கொண்டேன். சில நாளில் ஆயுத பூஜை வந்தது. அவர் எழுதிப் போட்டது இந்தத் தாள்.

கார் வெளிவந்த காலையில் வேனே என் போனுக்குள் தலையை விட்டிருந்தது. இன்ஜின் பின்னால், கண்ணாடி மூடிக்குக் கீழே பளபளத்தது. நான் போட்ட கூச்சலில் அண்ணா பிரேக் பிடித்துவிட்டார். மேடம் பையை எடுத்துக்கொண்டு கடைசி சீட்டுக்குப் போனார். "இன்ஜினோட சேர்ந்து நீங்களும் பின்னாடி போயிட்டீங்களே மேடம்" என்றேன். வேன் சிரித்தது, அவரும் சிரித்தார். "பேர் விஷயத்துல நான்தான் சார் ஜெயிச்சேன், பாருங்க, கம்பெனி முத்திரையே இல்ல. அது மட்டும் என் சொந்தக் கணிப்பு" என்றார். தோற்றவர் முகத்தில் இவ்வளவு சந்தோஷம் எதற்கு என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. அந்த ஒரு வருடமும் ஒரு சின்ன குஷனை இடுப்புக்கு வைத்துக்கொண்டு அவர் அங்கேயே உட்கார்ந்து வந்தார்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு அவருடைய இடத்துக்கு என்னை மாற்றினார்கள். தணிக்கைக்காகப் பழைய வரைபடம் ஒன்றைத் தேடி அலமாரியைக் குடைந்தபோது இன்னொன்று கையில் வந்தது. இருக்கைகளுக்குப் பின்னால் பொருத்தும் சூட்டுத் தகடு. காரின் பெயர் இல்லை, எண் மட்டும். ஆனால் அந்த வளைவை எனக்குத் தெரியாதா? இருக்கைக்குப் பின்னால் தகடு என்றால் சூடும் அங்கேதான், இன்ஜினும் அங்கேதான். ஓரத்தில் வரைபடம் வந்து சேர்ந்ததற்கான முத்திரை, கார் வெளிவருவதற்கு முந்தைய வருடத்து மே மாதம். பக்கத்தில் மேடத்தின் சுருக்கொப்பம். பழைய வேனை விற்றபோது முதலுதவிப் பெட்டியை அண்ணா என்னிடம் கொடுத்திருந்தார். வீட்டுக்குப் போய் அவருடைய தாளைத் தேடி எடுத்து முன்பக்கத்தைத் திருப்பினேன். அதே வருடம், அக்டோபர். ஐந்து மாதம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் "முன்னால்" என்று எழுதியிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செம்பாக்கத்தில் ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும், திருட்டு மாங்காயோடு பிடிபட்டவர் போலச் சிரித்தார்.

"வாய் திறக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருந்தேன் சார். திடீர்னு கட்சி மாறினாலும் நீங்க மோப்பம் பிடிச்சிருப்பீங்க. எழுதாம விட்டாலும் பிடிச்சிருப்பீங்க. அதனால பழைய பாட்டையே பாடினேன்."

"என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமே மேடம்?"

"சொல்லியிருந்தா உங்க பேஜ்ல போடாம இருந்திருப்பீங்களா?"

அன்று ராத்திரிக்குள் போட்டிருப்பேன். அந்த ஆர்டர் போயிருக்கும். அதை நம்பி ஆரம்பித்த இரண்டாவது ஷிஃப்ட் போயிருக்கும். என் வேலையும் சேர்ந்தே போயிருக்கும். எல்லாவற்றையும் அவர் தன் முதுகில் தாங்கியிருக்கிறார், ஒவ்வொரு வேகத்தடையிலும். கணிப்பில் கெட்டிக்காரர் என்றுதான் அதுவரை அவரை மதித்து வந்தேன். அதைவிடப் பெரிய மனுஷி அவர். கிளம்பும்போது உள்ளே போய் அந்தக் குஷனைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். "இனிமே அந்த மேஜை உங்களோடது. வெச்சுக்கோங்க."

என் பக்கத்தை அந்த வாரமே மூடினேன். இப்போது வேனில் புது வதந்தி: அடுத்த மாடலில் இன்ஜினே கிடையாதாம், பேட்டரியாம். பழைய பெயரை வைப்பார்களா, வேறு பெயரா என்று புது ஆட்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். மேஜைக்கு வருகிறவர்கள் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் தாளைப் படித்துவிட்டு, "யார் சார் இது, இவ்ளோ தப்பா எழுதினது?" என்று சிரிக்கிறார்கள். இந்த ஆயுத பூஜைக்கு நானும் ஒரு தாளில் எழுதிப் போட்டேன். வேனில் இத்தனை நாளும் என்ன பேசி வந்தேனோ, அதையேதான் எழுதினேன். எனக்கு ஏதாவது தெரியுமா, தெரியாதா என்று நீங்கள் கேட்கக்கூடாது. குஷன் நாற்காலியில் இருக்கிறது. எதற்கும் இருக்கட்டும்.