துஆ முடிய இடது கால்

நஸீறா ரீச்சருக்குச் சங்கீதம் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மருதமுனையில் யாராவது ஓடிவந்து சொல்லிவிடுவார்கள். அவர் கணக்கு ரீச்சர். ஓ.எல். பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துவதில் கெட்டிக்காரி. அப்படிப்பட்டவரைப் பிடித்து, கடற்கரைப் பக்கத்துப் பெண்கள் பாடசாலையின் பாண்ட் குழுவுக்குப் பொறுப்பாகப் போட்டார் அதிபர். காரணம், காரியாலயச் சுவரில் தொங்கிய ஒரு பழைய போட்டோ. அதில் மூன்றாம் வரிசையில், கழுத்தில் சைட் டிரம்முடன், பதினான்கு வயது நஸீறா நின்றிருந்தார். இது நீங்கள்தானே என்று அதிபர் கேட்டார். ஓம் என்றார். அந்தப் போட்டோ எடுத்து மூன்றாம் கிழமை தன்னைக் குழுவிலிருந்து துரத்திவிட்டார்கள் என்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள், அதிபர் கடிதத்தில் கையெழுத்து வைத்துவிட்டார்.

ஏன் துரத்தினார்கள் என்று சொல்வதென்றால், குழுவின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும்.

முப்பத்து மூன்று வருசத்துக்கு முன்னால் அதைத் தொடங்கியவர் ஜுனைட் சேர். சாரணர் பொறுப்பாசிரியர், ஆறு சைட் டிரம்மும் ஒரு பேஸ் டிரம்மும்தான் கைவசம். பெண் பிள்ளைகள் மேளம் அடிப்பதா என்று ஊரில் ஒரு பகுதி கொதித்தது. பாடசாலைக்கு மதில் ஒட்டினாற்போல் பள்ளிவாசல் வேறு. ஜுனைட் சேர் ஒளிந்து மறையவில்லை, நேரே பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைக்குப் போய் உட்கார்ந்தார். தொழுகைக்கு அழைக்கும் பாங்கின் முதல் சொல் காதில் விழுந்தால் குச்சிகள் கக்கத்துக்குள் போகும், எந்த அடியில் நிற்கிறார்களோ அந்த அடியிலேயே பிள்ளைகள் நிற்பார்கள் என்று வாக்குக் கொடுத்தார். சபைக்கு அது போதும். ஆனால் ஜுனைட் சேருக்குப் போதவில்லை. பாங்கு முடிந்ததும் விசில் ஊதித் தொடங்கினால் பாங்கைவிட விசில் பெரிதாகிவிடும் என்றார். ஆகவே விசில் இல்லை, கைச்சைகையும் இல்லை. பாங்கு முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் அதற்குரிய சிறு பிரார்த்தனையான பாங்கு துஆவை மனதுக்குள் ஓதவேண்டும். துஆ முடிய இடது கால் முன்னே வரவேண்டும், விட்ட அடியிலிருந்து வாத்தியம் தொடரவேண்டும். அதற்காகவே தினமும் காலைக் கூட்டத்தில் எல்லோரையும் ஒன்றாக ஓதவைத்து ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்தார். சொல்லும்போது லேசாகத்தான் இருக்கிறது. செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாமவர் பக்கீர் முகைதீன் சேர், விளையாட்டு ஆசிரியர், மூக்கு நுனியில் கோபம் உள்ள மனிசன். அவர் காலத்தில்தான் சுனாமி வந்து வாத்திய அறையைக் கூரையோடு கொண்டுபோனது. பேஸ் டிரம்மை மட்டும் எங்கோ ஒரு வேலியில் சிக்கிக் கிடந்த இடத்தில் கண்டுபிடித்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, வெயிலில் காயவைத்து, அதை வைத்தே குழுவை மறுபடி எழுப்பினார். எழும்பிய குழுவின் முதல் அணிவகுப்புக்கு ஊரே வந்திருந்தது. நடுவில் பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொன்னது. குச்சிகள் கக்கத்துக்குள் போயின. பாங்கு முடிந்து, துஆ ஓதும் அந்த அமைதியில், மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு சைட் டிரம் ஒரே ஒரு அடி முந்திவிட்டது. அதன் பின்னால் முழு வரிசையும் சரிந்து, அடி எங்கே கால் எங்கே என்று தெரியாமல் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

முந்தியது நஸீறா. பக்கீர் முகைதீன் சேர் மைதானத்திலேயே வந்து அவர் கழுத்திலிருந்து டிரம்மைக் கழற்றினார்.

"ஒனக்குப் பொறுமை இல்ல புள்ள. பொறுமை இல்லாதவக்கு இந்த டிரம் இல்ல."

நஸீறா அன்று அழவில்லை. வீட்டுக்குப் போய் அடுத்த நாள் கணக்குப் பாடத்தைச் செய்தார். ஆனால் பத்தொன்பது வருசமாக ஒரு பாங்கு துஆகூட அந்த ஞாபகம் இல்லாமல் அவர் ஓதியதில்லை. வெட்கம் சிலருக்கு அப்படித்தான், உடம்போடு வளரும்.

மூன்றாமவர் கதிர்காமத்தம்பி மாஸ்டர். சங்கீதம் முறையாகப் படித்தவர், தம்பிலுவிலிலிருந்து ஒன்பது வருசம் பஸ் ஏறி வந்தவர். மெலோடிக்காவும் ட்ரம்பெட்டும் குழுவுக்கு வந்தது அவரால்தான். பாங்குச் சட்டத்தை மற்ற இருவரையும்விட இறுக்கமாகப் பிடித்தவரும் அவர்தான். பிள்ளைகள் துஆ ஓதும்போது அவரும் தலை குனிந்து நிற்பார். நீங்கள் என்ன ஓதுகிறீர்கள் மாஸ்டர் என்று ஒருமுறை யாரோ கேட்டதற்கு, நான் எண்ணிக்கொண்டு நிற்கிறேன் என்றாராம். அவர் ஓய்வு பெற்றபின் இரண்டு வருசம் அறை பூட்டிக் கிடந்தது. நான்காவதாக வந்து மாட்டினார் நஸீறா ரீச்சர்.

இசைக் குறிப்பு வாசிக்கத் தெரியாதவர் என்ன செய்வார்? கட்டம் போட்ட கணக்குக் கொப்பியை எடுத்தார். ஒரு கட்டம் ஒரு அடி. பேஸ் டிரம்முக்குச் சிவப்பு, சைட் டிரம்முக்கு நீலம், காலுக்குப் பென்சில். மெலோடிக்காப் பிள்ளைகள் மட்டும் கதிர்காமத்தம்பி மாஸ்டரிடம் தொலைபேசியில் சந்தேகம் கேட்டுக்கொண்டார்கள். முதல் கிழமை பிள்ளைகள் சிரித்தார்கள். மூன்றாம் மாதம், கண்ணை மூடிக்கொண்டு எத்தனையாவது கட்டத்தில் நிற்கிறோம் என்று ஒவ்வொருத்தியும் சொன்னாள். குழுத் தலைவி பஸ்மிலா, பதினோராம் வகுப்பு, நடக்கும்போதே எண்ணுகிறவள். அவளை நம்பி ஒரு பாலமே கட்டலாம்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துச் செயலாளர் அப்துல் ஸமட் ஹாஜியார் வந்து உட்காரும்வரை. அவருக்கு அந்த அறை வேண்டும். பெரிய திரை வைத்த புது வகுப்பறை ஒன்று அங்கே வரவேண்டும், வாத்தியங்கள் ஆண்கள் பாடசாலைக்குப் போகவேண்டும் என்பது அவர் திட்டம். கெட்ட மனிசன் இல்லை. பாடசாலைக்காக வெயிலில் அலைந்தவர்தான். ஆனால் ஒன்றை மண்டையில் ஏற்றிவிட்டால் இறக்கமாட்டார்.

"நீங்க புள்ளைகளுக்குக் கணக்கப் படிச்சுக் குடுங்க ரீச்சர். மேளம் அடிக்க வேறாக்கள் இரிக்காங்க."

அதிபர் நடுவில் புகுந்து ஒரு வழி சொன்னார். மாகாணப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் குழு இருக்கட்டும், வராவிட்டால் அறையைக் கொடுத்துவிடலாம். ஹாஜியார் உடனே சரி என்றார். தோற்கப்போகும் பந்தயத்துக்குத்தான் மனிசர் அவ்வளவு சீக்கிரம் சரி சொல்வார்கள்.

போட்டி அம்பாறை நகர மைதானத்தில். நாற்பத்தொரு பிள்ளைகள், பச்சைக் கோட், வெள்ளைப் பர்தா. ஹாஜியாரும் பஸ்ஸில் முன் சீட்டில் ஏறிக்கொண்டார், தோல்வியைக் கண்ணால் பார்க்கத்தான் என்று பின் சீட்டுப் பிள்ளைகள் குசுகுசுத்தார்கள். காலை பத்தரைக்கு இவர்களின் முறை. பிரதம அதிதி பிந்தி வந்து, பிந்திய நேரத்துக்கும் சேர்த்துப் பேசியதில், மைதானத்தில் இறங்கும்போது நேரம் பன்னிரண்டு. பொறுப்பாசிரியர் வெறுங்கையோடு கோட்டுக்கு வெளியே போட்ட வட்டத்துக்குள் நிற்கவேண்டும், வாத்தியம் முடியும்வரை அதைவிட்டு அசையக்கூடாது என்பது விதி. நஸீறா ரீச்சர் அறிவிப்பாளரின் மேசையில் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, கைப்பையையும் அங்கேயே வைத்துவிட்டுப் போய் நின்றார். மைக்குக்குப் பக்கத்தில்.

எட்டு நிமிட நிகழ்ச்சி. ஐந்து நிமிடம், ஒரு குறை சொல்ல முடியாது. ட்ரம்பெட் தெளிவாகக் கேட்டது, வரிசைகள் நூல் பிடித்தாற்போல் போயின. ஆறாவது நிமிடம், நான்கு வரிசையும் ஒன்றை ஒன்று ஊடறுத்துத் திரும்பும் இடம், குழுவின் மிகச் சிக்கலான இடம். அந்த நேரம் பார்த்து மைதானத்தின் எட்டு ஒலிபெருக்கியிலும் பாங்கு கேட்டது.

அந்தக் குரலை நாற்பத்தொரு பேருக்கும் தெரியும். கணக்குப் பாடத்தின் நடுவில் தினமும் கேட்கிற குரல். ரீச்சருடைய கைப்பைக்குள் ரீச்சருடைய ஃபோன், நண்பகல் தொழுகையான ளுஹருக்கு நேரம் வந்ததும் தன் வேலையைச் செய்தது.

நாற்பத்தொரு பேரின் குச்சிகளும் வாத்தியங்களும் ஒரே நொடியில் அடங்கின. ஊடறுத்த வரிசைகள் ஊடறுத்தபடியே நின்றன. பார்வையாளர் பக்கம் சலசலத்தது. அறிவிப்பாளர் ஒரு சிங்களப் பெண்பிள்ளை. அது பாங்கு என்று அவளுக்கு விளங்கியது, நிறுத்தலாமா கூடாதா என்பது விளங்கவில்லை, பிறர் பையைத் திறக்கவும் மனம் வரவில்லை. கடைசியில் மரியாதைக்கு எழுந்து நின்றுவிட்டாள்.

வட்டத்தை விட்டு ஓடிப்போய்ப் பையைத் திறக்க நஸீறா ரீச்சருக்கு வழியில்லை. குழுவை மூடுவதற்கு ஹாஜியார் தேவையில்லை, என் ஃபோனே போதும் என்று நினைத்தார். பாங்கு முடிந்தது. ரீச்சர் தலை குனிந்து துஆவைத் தொடங்கினார், முந்தாதே முந்தாதே என்று மனதுக்குள் இன்னொரு குரல் கெஞ்சிக்கொண்டே இருந்தது. மூன்றாம் வரிசையைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. எந்த வரிசையிலும் ஒரு நஸீறா இருப்பாள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

துஆ முடிந்தது. நாற்பத்தொரு இடது கால்கள் ஒன்றாக விழுந்தன. விட்ட கட்டத்திலிருந்து, விட்ட திருப்பத்திலிருந்து, பேஸ் டிரம் முழங்க வரிசைகள் ஒன்றை ஒன்று கடந்து மறுபக்கம் வந்தன. ஒரு அடி முந்தவில்லை, ஒரு அடி பிந்தவில்லை. மைதானம் எழுந்து கைதட்டியது, மற்றப் பாடசாலைப் பிள்ளைகளும் எழுந்தார்கள். ரீச்சருக்குச் சந்தோசத்தில் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. அழுதாரா சிரித்தாரா என்று கேட்டால் இன்றைக்கும் அவருக்குத் தெரியாது.

தலைமை நடுவர் இராணுவ வாத்தியக் குழுவில் ஓய்வு பெற்றவர். திரும்பத் தொடங்க யார் சைகை கொடுத்தது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. யாருமில்லை என்று பஸ்மிலா சொன்னாள். அவர் நம்பாமல் ஒளிப்பதிவைப் போட்டுப் பார்த்தார். பிறகு ஏற்பாட்டாளர்கள் வந்து, ஒலிபெருக்கியில் கேட்டது தங்கள் பக்கத்துத் தவறாகத்தான் இருக்கும், அந்த மூன்று நிமிடத்தைக் கணக்கில் எடுக்கமாட்டோம் என்று மன்னிப்புக் கேட்டார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் எல்லாம் சுபம். பிள்ளைகள் நாற்பத்தொரு பேரும் ரீச்சரைப் பார்த்தார்கள். ரீச்சர் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், அந்த ஃபோன் என்னுடையது என்றார்.

மேலதிகமான ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் ஒரு புள்ளி. ஆறு புள்ளி போனது. தொண்ணூற்று மூன்று எண்பத்தேழாகி, எண்பத்தெட்டு எடுத்த பாடசாலைக்கு முதலிடம், இவர்களுக்கு இரண்டாமிடம். பிள்ளைகள் கத்திய கத்தலில் ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. குழு தப்பிவிட்டது. ஹாஜியார் மட்டும் முகம் சிவந்து வந்தார்.

"நீங்க ஏன் ரீச்சர் போய்ச் சொன்னீங்க? அவங்கதானே தங்கட பிழை எண்டாங்க. நம்மட புள்ளைகள்ற மொதலாமிடம் போச்சே."

நம்மட புள்ளைகள் என்ற சொல்லைக் கேட்டு ரீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஹாஜியார் நடுவர்களிடம் போய் அந்த ஒரு புள்ளிக்காகக் கால் மணித்தியாலம் வாதாடியதையும், அறைக்குப் புதுக் கதவு போடவேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே அதிபருக்கு அழைத்துச் சொன்னதையும் பிள்ளைகள் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார்கள். ஊருக்குள் யாரைக் கேட்டாலும் அன்று முதலிடம் நாம்தான் என்பார்கள். திருத்தப் போகாதீர்கள்.

பஸ் பிரதான வீதிச் சந்திக்கு வரும்போது ஊர் வீதியில் நின்றது. தறியை விட்டு வந்தவர்கள், கடையைப் பாதி பூட்டி வந்தவர்கள், எல்லோரும். பாடசாலைவரை வாத்தியத்தோடு நடந்தே போவது என்று ஹாஜியார்தான் சொன்னார், சொல்லிவிட்டு முன்னாலும் நின்றார். அப்போது பஸ்மிலா ஒரு சைட் டிரம்மைக் கொண்டுவந்து ரீச்சரின் கழுத்தில் மாட்டினாள். ரீச்சர் வேண்டாம் வேண்டாம் என்று பின்வாங்கினார். மூன்றாம் வரிசையில் ஒரு இடம் விட்டு வைத்திருக்கிறோம் என்று அவள் சொன்னாள். போட்டோவை அவர்களும் பார்த்திருக்கிறார்கள்.

பாதி வீதி போனதும் அஸருக்குப் பாங்கு சொன்னது, இந்தமுறை பள்ளிவாசலிலிருந்து. குச்சிகள் கக்கத்துக்குள் போயின. ஹாஜியார் நின்றார், பின்னால் வந்த பஸ்ஸும் மோட்டார் சைக்கிள்களும் நின்றன. ரீச்சருக்கு வலது பக்கம், கடை வாசலில் பிளாஸ்டிக் கதிரையில், எழுபது தாண்டிய ஒரு மனிசர் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கீர் முகைதீன் சேர். பாங்கு முடிந்தது. துஆவை ஓதினார், ஒவ்வொரு சொல்லாக, அவசரமில்லாமல், பத்தொன்பது வருசத்தில் முதல்முறையாக வேறு எதையும் நினைக்காமல்.

துஆ முடிய இடது கால் வந்தது. நாற்பத்திரண்டு கால்களும் ஒன்றாக வந்தன.

கடை வாசலைத் தாண்டும்போது பக்கீர் முகைதீன் சேர் கதிரையிலிருந்து எழுந்து நின்றிருந்தார்.

"இப்ப சரி புள்ள," என்றார்.

நஸீறா ரீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. அடித்துக்கொண்டிருந்தார்.